வீட்டை ஒட்டிய மரத்தில் கிளை இறக்க எந்தக் கயிறு?

கேள்வி, 18 ஆகஸ்ட் 2024

பட்டுக்கோட்டைப் பக்கம் மரம் வெட்டும் வேலை செய்கிறேன். பெரிய வேலை இல்லை. ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த வேம்பு, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேல் தூங்குமூஞ்சிக் கிளை, சுவரை ஒட்டிய தென்னை, இப்படித்தான். கிளையைக் கட்டி மெதுவாக இறக்க நல்ல கயிறு வாங்க வேண்டும். கடையில் 16 எம்.எம். நைலான் கயிறு கிலோ கணக்கில் தருகிறார்கள். மூன்று டன் தாங்கும் என்கிறார் கடைக்காரர். நாங்கள் கட்டும் கிளை நூறு கிலோவைத் தாண்டாது. தடியாக இருந்தால் போதும்தானே அண்ணே?

18 ஆகஸ்ட், இரவு

போதாது தம்பி. தடிமனை அப்புறம் பார்க்கலாம், முதலில் அது நைலான்தானா என்று பாருங்கள். நம் ஊர்க் கடையில் பச்சை, நீலம், மஞ்சள் என்று சுருள் சுருளாகத் தொங்குவதை எல்லாரும் நைலான் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். அதில் பெரும்பகுதி பாலிபுரோப்பிலீன். கடையிலேயே ஒரு வாளித் தண்ணீர் கேளுங்கள். ஒரு சாண் துண்டைப் போட்டு, காற்றுக் குமிழி போகும்படி தண்ணீருக்குள் கையால் பிசைந்து விடுங்கள். மேலே வந்து மிதந்தால் நைலான் இல்லை. நைலானும் பாலியெஸ்டரும் தண்ணீரைவிடக் கனமானவை, அடியில் போய்விடும்.

19 ஆகஸ்ட்

மிதந்தால் என்ன, மூன்று டன் தாங்கினால் சரிதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே பக்கம் இழுத்து நிறுத்தி வைக்கிற வேலை என்றால் சரிதான். நமக்கு வேலை அதுவல்ல. கயிறு கவையில், அதாவது கிளை பிரிகிற இடத்தில், உரசிக்கொண்டே ஓட வேண்டும். உரசினால் சூடு. பாலிபுரோப்பிலீன் சுமார் 165 டிகிரியில் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே இளக ஆரம்பித்துவிடும். பாலியெஸ்டர் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும்.

நான் சிங்கப்பூரில் ஒரு மரப் பராமரிப்பு நிறுவனத்தில் தரை ஆளாகச் சேர்ந்து, பிறகு ஏறுகிறவன் ஆனேன். கஜா புயலுக்கு அடுத்த வருடம் ஊர் திரும்பினேன். வந்த புதிதில் தெரிந்தவர்கள் குழு ஒன்றின் வேலையை நின்று பார்த்தேன். வேம்பு. மேலே ஒரு கவையில் பச்சைக் கயிற்றைப் போட்டு, கீழே இரண்டு பேர் கையால் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் பெரிய வாது, அதாவது கிளை, ஒன்று வந்தது. கயிறு விறுவிறுவென்று ஓடியது, நடுவில் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது. வாது பத்திரமாகத்தான் தரைக்கு வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். நான் கயிற்றை வாங்கித் தடவிப் பார்த்தேன். நின்ற இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் புரிகளின் மேல்பக்கம் பளபளத்துக் கிடந்தது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியிருந்தன. மடக்கினால் வளையவில்லை, மடக்கென்று நொடித்தது. உள்ளே ஒரு புரியில் பாதிதான் மிச்சம். அடுத்த வாதுக்கு அதே கயிற்றைக் கட்ட இருந்தார்கள்.

மூன்று டன் என்பது புதுக் கயிற்றின் கணக்கு. பளபளத்த அந்த விரல் நீளம் எவ்வளவு தாங்கும் என்று எந்தக் கடைக்காரராலும் சொல்ல முடியாது.

22 ஆகஸ்ட்

கணக்குக் கேட்டவர்களுக்கு. பொறுமையாகப் படியுங்கள், பள்ளிக்கூடக் கணக்குதான்.

பச்சை மரம் கிட்டத்தட்டத் தண்ணீரின் எடை என்று வையுங்கள், கன மீட்டருக்கு 1000 கிலோ. வேம்புக்கு இது பெரிதாகத் தப்பாது. 20 செ.மீ. குறுக்களவு, இரண்டு மீட்டர் நீளம் என்றால் 60 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 40 செ.மீ. குறுக்களவில் அதே நீளம் 250 கிலோ. குறுக்களவு இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கு. கண்ணால் பார்த்துச் சொல்கிறவர்கள் எப்போதும் தவறுகிற இடம் இது. இலையும் மிலாறும் தனி எடை. மழை நின்ற மறுநாள் என்றால் இன்னும் கூடும்.

சரி, 60 கிலோத் துண்டு. 12 எம்.எம். முப்புரிக் கயிறு புதிதாக இருக்கும்போது சுமாராகத் தாங்குவது: மணிலா 1 டன், பாலிபுரோப்பிலீன் 2 டன், பாலியெஸ்டர் 2.3 டன், நைலான் 2.9 டன். இதில் பத்தில் ஒரு பங்கைத்தான் வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். முடிச்சு, வளைவு, தேய்மானம், திடீர் உதறல் எல்லாம் மீதி ஒன்பது பங்கைத் தின்றுவிடும். இறுகாத வளையம் போடுகிற போலைன் முடிச்சு மட்டுமே மூன்றில் ஒரு பங்கு பலத்தை எடுத்துக்கொள்ளும். பாலியெஸ்டருக்கு 230 கிலோ, பாலிபுரோப்பிலீனுக்கு 200. அறுபது கிலோவுக்கு இரண்டுமே பாஸ்.

இப்போது அதே துண்டு ஒரு மீட்டர் விழுந்த பிறகு கயிறு பிடிக்கிறது என்று வையுங்கள். 20 செ.மீ. தூரத்தில் நிறுத்தினால் சராசரி விசை எடையைப்போல் ஆறு மடங்கு, 360 கிலோ. உச்ச விசை அதைவிட நிறைய. கீழே இருப்பவர் கயிற்றை ஓடவிட்டு ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் சராசரி 120 கிலோதான். கட்டை அதே, கயிறு அதே. நிறுத்துகிற ஆள் செய்த வித்தியாசம் மூன்று மடங்கு.

கவைக்குப் பதிலாகக் கயிறு ஓடக் கப்பி கட்டினால், அது கட்டியிருக்கும் கொம்பை மறந்துவிடாதீர்கள். ஒரு பக்கம் கட்டை, மறுபக்கம் கயிற்றைப் பிடிக்கிற ஆள். இரண்டு பக்கத்து இழுப்பும் சேர்ந்து கொம்புக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு சுமை. இதனால்தான் தடியான கயிறு வாங்கினால் பயமில்லை என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. 16 எம்.எம். கயிறு அறுந்து நான் பார்த்ததில்லை. அது கட்டியிருந்த கொம்பு கிழிந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

22 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

இரு மடங்கு என்றது கயிற்றின் இரண்டு கால்களும் செங்குத்தாகத் தொங்கும்போது. கீழ்க்கயிற்றைக் கொஞ்சம் தள்ளி, பக்கத்து மரத்தின் அடியில் சுற்றினால் கால்கள் விரியும். 90 டிகிரி விரிந்தால் 1.4 மடங்கு. ஆனால் அப்போது கொம்பைப் பக்கவாட்டில் இழுக்கிறோம். முருங்கை, மயில்கொன்றை மாதிரி வெடுக்கென்று ஒடியும் மரத்தில் அந்த வேலையே வேண்டாம். கவையில் நேரடியாகப் போட்டால் உராய்வு கொஞ்சம் சுமையை எடுத்துக்கொள்ளும், அதனால் கொம்புக்கு இரண்டு மடங்கு வராது. கயிறு தேயும், பட்டை உரியும். விடப்போகிற மரம் என்றால் பட்டையையும் பார்க்கத்தான் வேண்டும்.

25 ஆகஸ்ட்

"சுற்றி வளைக்காமல் எதை வாங்க என்று சொல்லுங்கள்."

12 எம்.எம். பாலியெஸ்டர், இரட்டைப் பின்னல். உள்ளே ஒரு பின்னல், மேலே ஒரு பின்னல், இரண்டும் சுமை தாங்கும். அமெரிக்க அரை அங்குலக் கயிறு, அதாவது 12.7 எம்.எம்., நான்கரை டன்னுக்கு மேல் தாங்கும் என்று லேபிளில் போட்டு வருகிறது. பத்தில் ஒரு பங்கு 450 கிலோ. உங்கள் வேலைக்கு இதற்குமேல் தேவையில்லை. அது கிடைக்கவில்லை, கைக்கு எட்டவில்லை என்றால் 14 எம்.எம். முப்புரிப் பாலியெஸ்டர். மீன்பிடித் துறைமுகத்துக் கயிற்றுக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், அங்கே கயிற்றின் சாதி தெரிந்து விற்பார்கள். லேபிளில் பொருள், தடிமன், தாங்கும் விசை மூன்றும் இருக்க வேண்டும். கிலோ விலை மட்டும் சொல்கிற கயிறு துண்டுகளைக் கட்டித் தூக்கிப்போகத்தான் ஆகும்.

ஏன் நைலான் இல்லை? முதல் குறிப்பில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நைலான் மோசமில்லை, சொல்லப்போனால் இந்த வரிசையில் அதுதான் பலசாலி. உதறலை நன்றாக வாங்கிக்கொள்ளும், ஏனென்றால் நீளும். நம் சிக்கலும் அந்த நீட்சிதான். மேலே ஏறி இறங்குவதைச் சேர்த்தால் 20 மீட்டர் கயிறு ஓடுகிறது. நல்ல சுமையில் ஐந்து சதவீதம் நீண்டாலே ஒரு மீட்டர். ஓட்டுக்கு முக்கால் மீட்டர் மேலே நிறுத்தினோம் என்று நினைத்திருப்போம், கிளை ஓட்டை உடைத்துவிட்டு மேலே வந்து ஆடிக்கொண்டிருக்கும். நனைந்தால் நைலான் பத்துப் பதினைந்து சதவீதம் பலம் இழக்கும். ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு வேலையே. பாலியெஸ்டருக்கு ஈரம் ஒரு பொருட்டில்லை, வெயிலையும் நன்றாகத் தாங்கும்.

கீழே திறந்த தோட்டம், விழுந்தாலும் சேதமில்லை என்றால் நைலான் போடலாம். வீட்டுக்கு மேலே பாலியெஸ்டர்.

26 ஆகஸ்ட்

10 எம்.எம். போதுமா என்றவருக்கு: கணக்குப்படி போதும், கைக்குப் போதாது. 10 எம்.எம். கயிறு ஈரக் கையில் நழுவும், கையுறைக்குள்ளும் அறுக்கும். பிடித்துக் கட்டுப்படுத்த 12 வேண்டும்.

1 செப்டம்பர்

உயரக் கட்டடங்களில் கண்ணாடி துடைப்பவர்களின் கயிற்றைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சென்னையில், கோவையில் எளிதாகக் கிடைப்பதால் கேட்பது நியாயம்.

பெரும்பாலும் 10.5 அல்லது 11 எம்.எம். நைலான். உள்ளே நேரான இழைக் கற்றை, மேலே இறுக்கமான உறை. ஐரோப்பியத் தரம் ஈ.என். 1891, ஏ வகை என்று போட்டிருந்தால் குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது இரண்டே கால் டன்னுக்குச் சோதித்தது. சாதாரண நைலான் போல நீளாது. கப்பி வழியாக 50, 60 கிலோத் துண்டுகள் இறக்க நன்றாகவே வேலை செய்யும், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். கவையில் மட்டும் போடாதீர்கள். சுமையில் பெரும்பகுதி உள்கற்றையில், தேய்வதோ உறை. உறை கிழிந்து உள்ளே வெள்ளை தெரிந்தால் அந்த இடத்தோடு கயிறு முடிந்தது.

இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு முறை கட்டை இறக்கின கயிற்றில் அதற்குப் பிறகு மனிதன் தொங்கக் கூடாது. என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி, ஒரே முறைதானே என்றாலும் சரி. கட்டைக் கயிறு ஒரு நிறம், ஆள் கயிறு வேறு நிறம் என்று வாங்கும்போதே பிரித்துவிடுங்கள். அவசரத்தில் மேலே இருப்பவர் "அந்தக் கயிற்றைப் போடு" என்பார், கீழே இருக்கும் பையன் கையில் கிடைத்ததைப் போடுவான். நிறம் வேறாக இருந்தால் இருவருக்குமே கண்ணில் பட்டுவிடும்.

3 செப்டம்பர்

"எங்கள் தாத்தா தேங்காய் நார் வடத்தில்தான் எல்லாம் இறக்கினார்" என்று எழுதியவரின் கோபம் புரிகிறது. அவர் இறக்கினார், உண்மை. நார் உருகாது, கையில் வழுக்காது, உதறலுக்கு நீண்டு கொடுக்கும். ஆனால் அதே தடிமன் மணிலாவைவிடப் பலம் மிகக் குறைவு, அதனால் அவர் வடம் கை தடிமன் இருந்திருக்கும். ஈரத்தில் வைத்தால் உள்ளுக்குள் மக்கும், வெளியே தெரியாது. தாத்தாக்கள் அடிக்கடி புது வடம் திரித்தார்கள். அதைவிட முக்கியம், அவர்கள் சின்னச் சின்னதாக வெட்டினார்கள். கையில் அரிவாள்தானே, வேறு வழியில்லை. இன்று பவர் சா இருக்கிற தைரியத்தில் ஒரே வெட்டில் மூன்று மீட்டர் வாதை விடுகிறோம். நாம் அவர்களிடம் கற்க வேண்டியது அந்தச் சின்ன வெட்டை.

8 செப்டம்பர்

தென்னை. கேள்வியிலேயே இருந்தது, இத்தனை நாள் தொடவில்லை. வேம்பில் பழகினவர்கள் தென்னையில் ஏமாறுவதைப் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வேம்பிலும் தூங்குமூஞ்சியிலும் வெட்டுகிற கிளைக்கு மேலே ஒரு கவை இருக்கும். சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையச் சாலையில் குடை விரித்து நிற்கிற தூங்குமூஞ்சி மரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எந்தக் கிளைக்கும் தலைக்கு மேல் ஒரு பிடி கிடைக்கும். மேலே கப்பி, கீழே கிளை. வெட்டியதும் கிளை தொங்கும், அவ்வளவுதான், விழாது. கயிற்றுக்கு உதறலே கிடையாது.

தென்னைக்குக் கிளை ஏது? தலையை எடுத்தபிறகு கப்பி கட்ட இருக்கிற ஒரே இடம், வெட்டப்போகிற துண்டுக்குக் கீழே உள்ள தண்டு. ஆக, மேலே வெட்டிய துண்டு கப்பியைத் தாண்டிக் கீழே விழுந்த பிறகுதான் கயிறு பிடிக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு விழல். 22ஆம் தேதிக் கணக்கில் ஒரு மீட்டர் விழுந்தால் என்று எழுதியது தென்னையில் ஒவ்வொரு வெட்டுக்கும் நடக்கிறது. அதிலும் நாம் ஏறி உட்கார்ந்திருக்கிற அதே தண்டுதான் இரு மடங்கு சுமையை வாங்குகிறது. துண்டு கயிற்றில் விழுந்ததும் தண்டு முன்னே போய்ப் பின்னே வரும், ஏறி நிற்பவரின் முதுகெலும்பு வரை அது தெரியும். கஜாவில் வேர் ஆடிப்போய்ச் சாய்ந்தே நிற்கிற தென்னைகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஏறவே கூடாது, கயிறு எதுவாக இருந்தாலும்.

நான் செய்வது: மட்டைகளையும் குலைகளையும் முதலில் தனித்தனியாக இறக்குவேன். பச்சைமட்டையை அடிப்பக்கம் ஒரு கட்டு, நடுவில் ஒரு பாதி முடிச்சு போட்டு இறக்கினால் சுழன்று ஜன்னலில் அடிக்காது. இதற்கு 12 எம்.எம். தாராளம். குலையை முழுசாகக் கட்டி இறக்கலாம், காய் சிதறாது. தண்டுக்கு வந்ததும், துண்டு அரை மீட்டருக்கு மேல் கிடையாது. 30 செ.மீ. குறுக்களவில் அரை மீட்டர் என்றால் சுமார் 35 கிலோ. கப்பியை வெட்டுக்கு எவ்வளவு நெருக்கமாகக் கட்ட முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, கயிற்றில் தொய்வே இல்லாமல். கீழே இருப்பவர் கட்டாயம் ஓடவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். கீழே இடம் இருந்தால் கயிறே வேண்டாம், துண்டுகளைப் பழைய டயர் மேல் தள்ளிவிடுங்கள்.

ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர்த் தண்டை இப்படி இறக்க வேண்டும் என்றால் அது நாம் இங்கே பேசுகிற கயிற்றுக்கான வேலையே இல்லை. கிரேன் கூப்பிடுங்கள். வீட்டுக்காரரிடம் கிரேன் வாடகையைச் சொல்லக் கூச்சப்பட்டு வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

9 செப்டம்பர்

கீழே ஓடவிடுவது எப்படி என்று நான்கு பேர். கையால் பிடித்து அல்ல. மரத்தின் அடியில் சுற்றுங்கள். உராய்வுக் கெழுவை 0.25 என்று வைத்தால் ஒரு முழுச் சுற்று உங்கள் பிடியைக் கிட்டத்தட்ட 5 மடங்காக்கும், இரண்டு சுற்று 23 மடங்கு. 60 கிலோத் துண்டை இரண்டு சுற்றில் ஒரு விரல் பிடியில் நிறுத்தலாம். அதனாலேயே இரண்டு சுற்று சின்னத் துண்டுக்கு அதிகம், ஓடாமல் கப்பென்று நின்று முழு உதறலும் மேலே போகும். 30 கிலோவுக்கு ஒரு சுற்று, நூறைத் தொட்டால் இரண்டு. சொரசொரப்பான வேப்பம்பட்டையில் இன்னும் கூடப் பிடிக்கும். முதலில் ஒரு சின்னக் கிளையை இறக்கி மரத்தின் பிடியைத் தெரிந்துகொள்ளுங்கள். போர்ட்டா-ராப் மாதிரி இரும்புச் சுற்றுக்கருவி வாங்க முடிந்தால் நல்லது, மரத்துக்கு மரம் பிடி மாறாது, கயிறும் பிசினில் புரளாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் உங்கள் குழுவில் யாருக்காவது இருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

15 செப்டம்பர்

கிணற்று ராட்டினத்தைக் கப்பியாகக் கட்டிய படத்தைப் போட்டிருக்கிறார் ஒருவர். கழற்றிவிடுங்கள். வார்ப்பிரும்பு மெதுவான சுமையைத் தாங்கும், உதறலில் வெடிக்கும். பக்கம் திறந்திருப்பதால் கயிறு சக்கரத்தை விட்டு இறங்கி அச்சில் மாட்டிக்கொள்ளும். சக்கரத்தின் குறுக்களவு கயிற்றின் தடிமனைப்போல் குறைந்தது நான்கு மடங்கு வேண்டும், எட்டு மடங்கு இன்னும் நல்லது. 10 எம்.எம். கொக்கியில் 12 எம்.எம். கயிற்றைப் போட்டு ஓட்டினால் அந்த வளைவிலேயே கயிறு பாதி உயிரை விடும்.

21 செப்டம்பர்

மழை நெருங்குகிறது. கயிற்றை எடுத்து வெளிச்சத்தில் ஒரு முறை முழுக்க உருவிப் பாருங்கள், கையுறை இல்லாமல். தேடுவது: பளபளத்த இடம், உள்ளே கட்டிதட்டின இடம், திடீரென்று மெலிந்த இடம், அறுந்த இழைகள். சின்ன வளையமாக மடக்கும்போது ஓரிடம் மட்டும் விறைத்து நின்றால் அங்கே வெட்டி எறியுங்கள். பிசினும் மணலும் ஏறியிருந்தால் லேசான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். மணல் உள்ளே போனால் ஒவ்வொரு முறை வளையும்போதும் இழையை அறுக்கும். வண்டியில் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அமிலம் நைலானைத் தின்னும். சுண்ணாம்பு, சிமெண்ட் பக்கமும் வேண்டாம், காரம் பாலியெஸ்டருக்கு ஆகாது.

கயிறு மின்சாரம் கடத்தாது என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். காய்ந்த, சுத்தமான கயிறு என்று சேர்த்திருக்க வேண்டும். ஈரக் கயிறு கடத்தும். ஈ.பி. லைன் பக்கத்தில் போகிறது என்றால் லைனை நிறுத்தச் சொல்லி, நிறுத்தியாயிற்று என்று உறுதியான பிறகே ஏறுங்கள். இதில் தரகு, அவசரம், வீட்டுக்காரர் நச்சரிப்பு எதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

29 செப்டம்பர்

தம்பி 12 எம்.எம். பாலியெஸ்டர் கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறார், எத்தனை மீட்டர் என்று கேட்கிறார். கப்பி 15 மீட்டர் உயரத்தில் என்றால் ஏறி இறங்க 30. துண்டைக் கட்ட இரண்டு மீட்டர், அடிமரத்தில் சுற்ற மூன்று நான்கு, பிடிக்கிற ஆள் விழும் இடத்தை விட்டுத் தள்ளி நிற்க ஐந்தாறு. 45 மீட்டருக்குக் குறையாமல், முடிந்தால் 50 மீட்டர்ச் சுருளாக வாங்குங்கள். கடைக்காரர் இரண்டு 25 மீட்டர்த் துண்டு தருகிறேன், விலை குறைத்துக்கொள்கிறேன் என்பார். வேண்டாம். இணைத்த முடிச்சு கப்பியில் நுழையாது, அது சிக்கும்போது கிளை ஓட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். கயிற்றின் ஒரு முனையை மட்டுமே கட்டக் கட்ட அந்த முனைதான் முதலில் தேயும், அதனால் மாதம் ஒரு முறை முனை மாற்றிக் கட்டுங்கள். தேய்ந்த முனையில் இரண்டு மூன்று மீட்டரை வெட்டினாலும் மிச்சம் வேலைக்கு ஆகும். ஐம்பதாக வாங்கச் சொல்வது அதற்கும் சேர்த்துத்தான்.